காக்கிச் சட்டையை வாங்கிவரச் சொன்னார்கள்

1. பிரேக் இல்லாத வண்டி

படகு ஓட்ட ஆள் எடுப்பதற்கு இன்டர்வியூ வைத்த அன்று, மதுரையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே லாரி டிரைவர்கள்.

நான் அங்கே ஒப்பந்தத்தில் சேர்ந்த டெக்னிக்கல் அசிஸ்டென்ட். தீவு ஒன்றுக்கும் கரைக்கும் நடுவே நின்றுபோன பயணிகள் படகை அரசு நிதியில் மறுபடியும் ஓட வைக்க வேண்டும். புயலில் பழைய படகு உடைந்த பிறகு தீவுக்காரர்கள் மீன்பிடிப் படகுகளில்தான் கரைக்கு வந்துபோனார்கள். அவை தொழிலுக்குப் போய்விட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

புதுப் படகு வந்துவிட்டது. ஓட்டுநர் பதவியும் சாங்ஷன் ஆகியிருந்தது. ஆனால் எங்கள் ஆபீசில் மாதிரி ஃபைல் இல்லாமல் புது ஃபைல் பிறக்காது. டவுன் பஸ் ஃபைலிலிருந்த தகுதியை அப்படியே எடுத்துப் போட்டு மேலே அனுப்பி ஆர்டரும் வாங்கியிருந்தார்கள்: கனரக வாகன உரிமம் கட்டாயம்.

திருநகரிலிருந்து வந்த ஒருவர் படகின் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல பிரேக் எங்க இருக்கு?”

“பிரேக் கிடையாதுண்ணே.”

“அப்ப எப்படி நிப்பாட்டுறது?”

பக்கத்து நாற்காலிக்காரர், “கரையில முட்டுனா தானா நின்டுரும் மாப்ள” என்றார்.

“நான் கண்மாயிலயே இடுப்புத் தண்ணிக்கு மேல போனதில்ல. பிள்ளகுட்டிக்காரன்யா. வாரேன் தம்பி” என்று முதலாமவர் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

2. ஒரு வரி

பழைய படகைத் தினக்கூலிக்கு ஓட்டியவர் அருளப்பன். தீவுக்காரர், மீனவர். படகு ஓட்டும் சான்றிதழ் வைத்திருந்தார். லாரி உரிமம் இல்லை. அவருடைய மகள் சகாயம் பத்தாவது பாஸ் செய்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். மேல்நிலைப் பள்ளி கரையில்தான் இருந்தது.

“சேத்துவிட்டா மட்டும் போதுமா தம்பி? தெனம் யாரு கொண்டுபோயி விடுறது? நான் தொழிலுக்குப் போகணும்ல. ஒங்க படகு ஓடட்டும், சேத்துருதேன்” என்றார் அவர்.

எனக்கு அது புரிந்தது. ஆனையூர் தாண்டியுள்ள எங்கள் ஊருக்கு டவுன் பஸ் வந்ததால்தான், எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் ஹைஸ்கூல் பார்த்தேன். பஸ் வராத நாளில் ஆனையூர் வரை நடந்துவிடலாம். கடலில் நடக்க முடியாது.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். “சார், தகுதியில ஒரு வரி மாத்துனா போதும். அருளப்பனையே போட்டுறலாம்.”

“அந்த ஒரு வரிக்கு ஃபைல் சென்னைக்குப் போகணும். போனா எப்ப திரும்பும்னு எமனுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கே விழாவுக்குத் தேதி வாங்கியாச்சு. மொத கொடிய அசைப்போம்ப்பா.”

“மறுநாள் யார் சார் ஓட்டுவாங்க?”

“மறுநாள் எந்தப் பேப்பர்க்காரன் வரப்போறான்?”

3. விழா

பதவி சாங்ஷன் ஆனபின் தினக்கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது; ஆனால் விழாச் செலவில் ஒரு நாள் மட்டும் வைக்க விதி இடம் கொடுத்தது. அருளப்பனுக்கு ஸ்டோரிலிருந்து காக்கிச் சட்டை வந்தது. தோளில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

“கவருமெண்டு டிரைவரு, டிக்கெட்டு எம்புட்டு?” என்று கரையிலிருந்தவர்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார்.

சகாயத்தை முந்தின வாரமே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார். புது யூனிபார்மில் வந்தவளைப் போட்டோகிராபர் முன்சீட்டில் உட்கார வைத்தார். கொடி அசைந்தது, படகு போனது. சாயங்காலம் அதே படகில் அவள் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் படகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஓட்டுநர் பதவி நிரம்பும்வரை அரசு சொத்தைப் பாதுகாப்பாக வைக்க வேண்டுமாம்.

திருத்தம் கேட்டு நோட் எழுதினேன். பஸ் ஓட்டுநருக்கும் படகு ஓட்டுநருக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்லி ஃபைல் திரும்பி வந்தது. விளக்கினேன். மறுபடி போன ஃபைல் இன்னும் வரவில்லை. ஆபீஸ் கணக்கில் திட்டம் முடிந்துவிட்டது. திறப்பு விழாப் படம் பெரிதாக எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் தொங்குகிறது.

4. ஸ்டாக்

பள்ளி திறந்து சில மாதம் கழித்து ஸ்டோர்காரர் கூப்பிட்டார். “காக்கிச் சட்டை ஒண்ணு ஸ்டாக்குல இடிக்குது தம்பி. அந்த ஆளுகிட்ட வாங்கிட்டு வந்துருங்க.”

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே வெட்கமாக இருந்தது. தீவுக்கு ஒரு மீன்பிடிப் படகில் போனேன். அருளப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து, “கறை ஏதும் இல்ல, பாத்துக்கங்க” என்றார்.

வாசலில் சகாயம் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாள்தான்.

“ஆபீசுல எம்படத்தப் பெருசா மாட்டிருக்காகளாமே அண்ணே?”

“ஆமாம்மா.”

“நான் எங்க போய்க்கிட்டு இருக்கேன்னு அதுல எழுதிருக்கா?”

சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு படகுக்கு நடந்தேன்.

இந்த மாதிரி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். கட்டுவதற்கும் வாங்குவதற்கும் நிதி வரும், கொடியசைக்கவும் ஆள் வரும். மறுநாள் காலையில் யார் ஓட்டுவது என்று முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள். நான் கேட்டபோது விழாவுக்குத் தேதி குறித்தாகியிருந்தது.

இப்போது இன்னொரு தீவுக்குப் படகு கேட்டு எங்கள் ஆபீஸ் நிதிக்கு எழுதுகிறது. முதல் பக்கத்தில் சகாயத்தின் படம். மாதிரி ஃபைல் இந்தப் படகினுடையதேதான், கனரக வாகன உரிமத்தோடு. காக்கிச் சட்டை ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டாக் இப்போது சரியாக இருக்கிறது.