எக்ஸ்ரேவுக்கு முன்னால் ஓர் 'ஆன்'

இருபத்திரண்டு வருடங்களாக மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் ஒரே வசனத்தைச் சொல்லிவந்ததால் அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க." வீட்டில் கணவர் கோபமாக ஏதாவது ஆரம்பித்தாலும் இதையேதான் சொல்வாள். மனிதர் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும்.

அவளுக்கும் ஒரு பழைய அவமானம் உண்டு. படிக்கிற காலத்தில் வாய்மொழித் தேர்வில் 'ஏ எக்ஸ்ரே' என்று சொல்லப்போக, தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். 'ஆன் எக்ஸ்ரே' என்று சொல்ல வேண்டுமாம். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது தானாகவே கண்டுபிடித்தாள். தமிழில் 'ஓர்' வருகிற இடத்தில் 'ஆன்', 'ஒரு' வருகிற இடத்தில் 'ஏ'. ஆங்கில எழுத்தைப் பார்க்கவே கூடாது. காதில் விழுவதைத் தமிழில் எழுதிப் பார்த்து, உயிரெழுத்தில் ஆரம்பித்தால் 'ஆன்' போட்டுவிட வேண்டியதுதான். அன்றுமுதல் எங்கே தப்பைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருப்பதில்லை.

புதிதாக வந்த மேலாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வந்த வாரமே ஆங்கிலத்தில் அறிவிப்புப் பலகைகள் மாட்டினார். அவள் கதவில் தொங்கியது: 'ஏ எக்ஸ்ரே' எடுக்க ஒவ்வொருவராக வர வேண்டும் என்று. அன்று மாலையே மார்க்கர் பேனாவால் விடுபட்ட 'என்' எழுத்தைச் சேர்த்து 'ஆன்' ஆக்கினாள். மறுநாள் அவர் ஸ்பிரிட் தொட்டு அழித்தார். மறுபடி முளைத்தது. மறுபடி அழிந்தது.

"யாருக்கா இந்த வேலையப் பண்றது? போர்டுல ஓர் எழுத்து கூடுதலா முளைச்சிருக்கு!"

"ஈரப்பதம் அதிகம் சார். எது வேணா முளைக்கும்."

"ஏ, ஈ, ஐ, ஓ, யூ. இந்த அஞ்சுக்கு முன்னாடிதான் 'ஆன்' வரும். எக்ஸ் இதுல இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் பணிவாக. மாலையில் மறுபடி எழுதினாள்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. பத்தாம் நாள் மேலாளருக்கு இருமல் நிற்கவில்லை. டாக்டர் மார்பை ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டார். சட்டையைக் கழற்றி, முகவாயைத் தகட்டின் மேல் வைத்து, பலியாடு மாதிரி நின்றார்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

படம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அதை அவள் சொல்லவில்லை.

"இப்ப மனசுக்குள்ளயே எக்ஸ்ரேன்னு சொல்லுங்க. முதல்ல வர்றது 'எ'தானே? அது உயிரா, மெய்யா? ஓர் எக்ஸ்ரேயா, ஒரு எக்ஸ்ரேயா? பேசாதீங்க, படம் ஆடிடும்!"

அவர் கண்கள் பிதுங்கின. காது சிவந்தது.

"ம், விடுங்க."

மூச்சோடு வார்த்தையும் வெடித்து வந்தது: "யெக்ஸ்ரே!"

மூச்சக்கா திகைத்துப்போனாள். மனிதர் வாயில் 'எ' வரவே இல்லை, 'யெ'தான் வந்தது. அவள் கணக்குப்படியே அவர் வாய்க்கு 'ஏ'தான் சரி! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், உங்க வாய்க்கு உங்க போர்டு சரிதான். ஆனா அதை மத்தவங்களும் படிக்கிறாங்களே!"

அவர் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, "எ... எ..." என்று முனகியபடியே வெளியேறினார். நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டே நாளில் புதுப் பலகை வந்தது, 'ஆன்' என்ற சொல்லுடன்.

வம்பு அதோடு ஓயவில்லை. புது ஞானம் தலைக்கேறி, பரிசோதனைக்கூடத்து வாசலிலும் 'ஆன் யூரின் டெஸ்ட்' என்று எழுதி ஒட்டிவிட்டார். அங்கே வேலை பார்க்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து சொன்னாள். மூச்சக்கா அவரிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினாள்.

"தமிழ்ல எழுதுங்க சார்."

'யூரின்' என்று எழுதினார். "ஒரு யூரின்..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய் அந்தத் தாளைக் கிழித்தார்.

அதன் பிறகு அவள் பார்க்காமல் எந்த அறிவிப்பும் சுவரேறுவதில்லை. போன மாதம் ஒன்று கொண்டுவந்தார். 'ஏ அவர்', அதாவது ஒரு மணி நேரம், தாமதமாக வருகிறவர்களுக்கு அரைநாள் விடுப்பு போகுமாம். தப்பு அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"இந்த 'அவர்' ரொம்பச் சிக்கலான வார்த்தை சார். எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணு. யோசிக்கணும்."

"நிதானமாப் பாருங்கக்கா."

தாள் இழுப்பறைக்குள் போயிற்று. மூன்று வாரமாயிற்று. பரிசோதனைக்கூடத்துப் பெண் காலையில் தலைமுடியைக் காயவைத்துவிட்டுத்தான் வருகிறாள். மருந்து கொடுப்பவர் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆற அமர வருகிறார். நேற்று மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"அந்த நோட்டீஸ் என்னாச்சுக்கா?"

"அவசரப்பட்டா தப்பாயிடும் சார்," என்றாள் மூச்சக்கா. எட்டரை மணி வேலைக்கு அன்று அவளே ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்திருந்தாள்.