கிராண்டக்கா

தெருவில் அவளைக் கிராண்டக்கா என்றுதான் சொல்வார்கள். மணப்பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்ததுமே "கிராண்டா போட்டுடலாமா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். கை அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும்.

தொழில் கற்றது ஒரு நாடகக் கம்பெனியில். கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவனுக்கும் நடிகையின் கண்ணும் உதடும் தெரிய வேண்டும் என்று அங்கே அப்பிப் பூசுவார்கள். கம்பெனி படுத்த பிறகு, வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடியும் ஒரு சுழல் நாற்காலியும் போட்டு அழகு நிலையம் ஆரம்பித்தாள். வாசல் பலகையில் 'ராயல், ரிச், கிராண்ட்' என்று எழுதச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அந்த மாதிரி இங்கிலீஷ் வார்த்தைகள் மேல் தனிப் பிரியம். வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்துக்கொள்வாள். 'லாவிஷ்' ஒரு டாக்டர் மனைவி தந்தது. 'கார்ஜியஸ்' யாரோ ஒரு மணப்பெண்ணின் தோழி தந்தது.

'காடி'யும் அப்படி வந்ததுதான். வரவேற்புக்கு அலங்காரம் செய்துகொண்ட பெண் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கூட வந்தவளிடம் "சோ காடி" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று இவளுக்கும் மனசு நிறைந்துபோனது.

"காடியா? புது கார் பேரு மாதிரி இருக்கு" என்றார் அவள் கணவர்.

"தண்ணி கேன் தூக்கற உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!"

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணி வேலைக்குப் போன காலத்தில், பள்ளி விட்டால் அந்தப் பெண் நேராக அத்தையிடம்தான் வருவாள். சுழல் நாற்காலியில் தலை கிறுகிறுக்கச் சுற்றி, உதட்டுச்சாயத்தைக் கன்னமெல்லாம் இழுவிக்கொண்டு வளர்ந்தவள். இப்போது பெரிய ஆபீசில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அன்று, அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"கவலையே படாதீங்க சம்பந்தி. நம்ம பொண்ணுக்கு நானே காடியா போட்டு விடறேன். பாக்கறவங்க அப்படியே அசந்துடணும்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அண்ணன் மகள் எழுந்து வந்து அத்தையைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"அத்தை, அந்த வார்த்தையை யார் சொன்னா உங்களுக்கு?"

"கஸ்டமர்தான். ஏன், தப்பா சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க. ஆனா அது நல்ல வார்த்தை இல்ல. அளவு தெரியாம, கண்ணு கூசற மாதிரி அள்ளிப் பூசியிருந்தா அப்படிச் சொல்வாங்க."

அவளுக்கு உடனே அந்த இரண்டு பேருடைய சிரிப்பு காதில் கேட்டது. "அப்போ அந்தப் பொண்ணு..." என்று இழுத்தாள்.

"விடுங்க அத்தை." அண்ணன் மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னொண்ணு. மேக்கப்புக்கு வேற ஒருத்தங்களைச் சொல்லிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

"சிம்பிளா வேணும்னா நானே சிம்பிளா போடறேன் கண்ணு. எனக்குப் போடத் தெரியாதா?"

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று அத்தை விருந்தாளியைப் போல இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெண் மேடைக்கு வந்தபோது, எங்கேயாவது ஒரு குறை அகப்படாதா என்று முகத்தைத் துழாவினாள். சின்ன வயதில் வந்த அம்மையின் தழும்பு இடது கன்னத்தில் இருக்குமே, அதைக் காணோம். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பையும் காணோம். பூசிய அடையாளமே இல்லாமல், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருந்தாள். மட்டமாக இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். நன்றாக இருந்தது. தொழில் தெரிந்தவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு அவளும் முயன்று பார்த்தாள். கணவர் போனைத் தூக்கிப் பிடிக்க, வீடியோ பார்த்துத் தன் முகத்திலேயே பழகினாள். "பூசினதே தெரியக்கூடாது" என்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் பாதியில் அந்த முகம் அவளுக்கு மொட்டையாகத் தெரிந்தது. அரைகுறைத் துணியோடு ஒருத்தியை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. கண்ணுக்கு இன்னும் கொஞ்சம், கன்னத்துக்கு இன்னும் ஒரு தீற்று. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். ஈரத் துடைதாளை எடுத்து எல்லாவற்றையும் துடைத்தாள்.

"பரவாயில்ல ஆன்ட்டி, எனக்கு டைம் ஆச்சு."

அதற்குப் பிறகு புருவம் திருத்த மட்டும் வந்தார்கள். அதுவும் நின்றது. வீட்டு உரிமையாளர் முன்னறையைக் கடைக்கு விட வேண்டும் என்றார். சுழல் நாற்காலியை முனைச் சலூன்காரர் எடுத்துக்கொண்டார்.

இப்போது ஆயத்த ஆடை ஆலையில், தைத்த துணிகளின் நூல் பிசிறு வெட்டுகிறாள். வரிசையாக உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தலையில் குல்லா, வாயை மூடித் துணி. போன வாரம் பக்கத்தில் வேலை செய்கிறவள் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி எங்கக்கா வேலை பாத்தீங்க?"

"எங்கயும் இல்ல. வீட்லதான் இருந்தேன்" என்றாள்.