மில்வாக்கியில் ஒரு மாடி வீடு

நெய்வேலி டவுன்ஷிப்பின் ஆர்ச்சைத் தாண்டி இந்திரா நகருக்குள் வந்து, வாடகைக்கு வீடு வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும், "பதுருன்னிசா அக்காவப் பாருங்க" என்பார்கள். ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்தவர்கள், சொந்த வீடு கட்டி முடிகிறவரை தங்க இடம் தேடுகிறவர்கள், காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து இறங்கும் என்ஜினியர்கள் என்று எல்லாருக்கும் அவள்தான் வீடு காட்டுவாள். ஸ்கூட்டியில் முன்னால் போவாள். கேட்டைத் திறந்ததும் கூடத்தையோ படுக்கையறையையோ பார்க்க மாட்டாள். நேராகப் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிடுவாள். அப்புறம் குளியலறையில் நின்று ஆழமாக மூச்சை இழுத்துப் பார்ப்பாள். சமையலறை ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பாள். இத்தனையும் முடிந்த பிறகுதான் வாடகைப் பேச்சு.

ஊருக்கே வீடு பிடித்துக் கொடுக்கிறவளுக்குச் சொந்த வீடு கிடையாது. கணவர் ஜமால் முகமதுவுக்கு டவுன்ஷிப் பஜாரில் சிறியதாக ஒரு செருப்புக் கடை. மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பழனிவேலின் மாடி வீட்டில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். ஒரே மகள் ஃபௌசியா நர்சிங் முடித்துக் குவைத் போனதும் இந்த மாடியிலிருந்துதான்.

குவைத்தில் ஃபௌசியாவுக்கு வீடு தேடும் கவலையே வரவில்லை. முதலில் ஆஸ்பத்திரி ஹாஸ்டல். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் அஜ்மலின் கம்பெனி கொடுத்த ஃபிளாட். இரவும் பகலும் படித்து அமெரிக்கப் பரீட்சைகளை எழுதினாள். கடைசியில் மில்வாக்கி என்ற ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரி ஒரு மாதம் தங்க இடம் தரும். அதற்குள் அவளே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு கிடைத்ததும் அஜ்மலும் ஏழு வயது அஃப்ரீனும் குவைத்திலிருந்து வந்து சேர்வார்கள் என்று ஏற்பாடு.

"வூடு தேடறதா? அத எங்கிட்ட உட்டுடு" என்றாள் பதுருன்னிசா.

"அம்மா, நான் இருக்கறது அமெரிக்கால."

"எந்த ஊரா இருந்தா என்னாடி? குழாயத் தொறந்தா தண்ணி வரணும். ஜன்னலத் தொறந்தா காத்து வரணும். போன காட்டிகினே போ, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து இருட்டுகிற நேரம் ஆனால் பதுருன்னிசா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே அது காலை நேரம். ஃபௌசியா ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டே போவாள்.

முதல் வீட்டில் சுவருக்குச் சுவர் தரையோடு ஒட்டிய கம்பளம். "என்னாடி இது, தரையே தெரியாம ஒட்டி வெச்சிருக்கானுங்க! வெள்ளிக்கெழம எப்படி வூடு கழுவி உடுவ?" என்று அதைத் தள்ளிவிட்டாள். அடுத்தது பத்துப் பன்னிரண்டு மாடி உயரக் கட்டடம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஏரி நீலமாகத் தெரிந்தது. ஜமால் முகமது எட்டிப் பார்த்து, "கடல் மாதிரி இருக்கேம்மா" என்று வாயைப் பிளந்தார். பதுருன்னிசா மட்டும், "மீனு கழுவன தண்ணிய எங்க ஊத்துவ? மோட்டாரு எத்தன மணிக்குப் போடுவாங்கன்னு கேளு" என்றாள். அங்கே மோட்டார் போடுகிற வழக்கமே இல்லை, எந்நேரமும் தண்ணீர் வரும் என்று ஃபௌசியா எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை.

மூன்றாவது வீடு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஃபௌசியா அன்றே விண்ணப்பித்தாள். மறுநாள் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த இரண்டு வீடுகளும் அப்படியே கைநழுவின.

"கிரெடிட் ஹிஸ்டரி வேணுமாம்மா" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இந்த நாட்டுல கடன் வாங்கி ஒழுங்கா அடைச்சிருந்தாத்தான் நம்பி வூடு குடுப்பாங்களாம். எனக்குக் கடனே இல்லியே."

"கடனே வாங்காதவள நம்ப மாட்டானா? இது என்னா ஊருடி!"

ஜமால் முகமது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தபடியே சிரித்தார். "நான் போயிருந்தா எனக்கு மாளிகையே குடுத்திருப்பானுங்க" என்றார். அவ்வளவு சோர்விலும் ஃபௌசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் உடன் வேலை பார்க்கும் ஒரு பெண் இன்னொரு முகவரி கொடுத்தாள். மரத்தால் கட்டிய பழைய மாடி வீடு. கீழே லோரெய்ன் என்ற அம்மாள் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. மாடி நான்கு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. ஃபௌசியா போனைத் தூக்கிப் பிடித்தபடி படியேறினாள். வழவழப்பான மரத்தரை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய மரம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சோவென்று கொட்டியது.

"இதான்டி வூடு!" என்று இங்கிருந்தே கத்தினாள் பதுருன்னிசா. "கீழ ஓனரு, மேல நீ. நம்ம வூடு மாதிரியே. உட்டுடாத!"

லோரெய்ன் போனுக்குள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார். பிறகு ஃபௌசியாவிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். ஃபௌசியா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்: "இவங்களுக்குக் கிரெடிட்டெல்லாம் வேணாமாம்மா. கம்ப்யூட்டரு சொல்றத நம்ப மாட்டாங்களாம். நான் இதுக்கு முன்னாடி யாரு வூட்டுல வாடகைக்கு இருந்தனோ அந்த ஓனர்கிட்ட இவங்களே பேசணுமாம். நாளைக்கு இதே நேரம்."

"பேசட்டுமே."

"அம்மா, நான் கடைசியா வாடகைக்கு இருந்தது நம்ம வூடுதான். பழனிவேல் மாமா வூடு."

பதுருன்னிசாவின் முகம் மாறிப்போனது. அவளும் பழனிவேலும் பேச்சை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது.

எல்லாம் ஒரு கருவாட்டால் வந்த வினை. மொட்டை மாடியில் அவள் காயப்போட்டிருந்த வாளைக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு பறந்த காக்கை, அதைப் பழனிவேலின் புதுக் காரின் கண்ணாடி மேல் போட்டுவிட்டது. அதுவும் அவருடைய சம்பந்தி வீட்டார் கேட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்து. அவர் கத்தினார். "காக்காவுக்கு நானா சம்பளம் குடுத்து வெச்சிருக்கேன்?" என்று அவள் மேலேயிருந்து கேட்டுவிட்டாள். அத்தோடு பேச்சு முறிந்தது. வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாமே அவர் மனைவி வீரம்மாள் வழியாகத்தான் நடந்தது.

அன்று போனை வைத்ததும் பதுருன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினாள். படியில் இரண்டு தடவை நின்றாள். பழனிவேல் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அக்கா" என்று வீரம்மாளிடம் ஆரம்பித்தாள். "நம்ம ஃபௌசியாவுக்கு அமெரிக்காவுல வூடு ஒண்ணு அமைஞ்சிருக்கு. பழைய ஓனரு ஒரு வார்த்த நல்லபடியா சொன்னாத்தான் குடுப்பாங்களாம். அண்ணன் நாளைக்குக் கொஞ்சம் பேசணும்."

வீரம்மாள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பாய் வூட்டம்மா கேக்கறாங்க, நீங்க..."

"காதுல உழுந்துது" என்று டிவியை அணைத்தார் பழனிவேல். மனைவியைப் பார்த்தே பேசினார். "ஃபௌசியாவுக்குன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்னா? அந்தப் புள்ளைய ஏர்போர்ட்டுக்குக் கூட்டிகினு போனதே நான்தான. எத்தன மணிக்குக் காலுன்னு கேட்டு சொல்லு."

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு உட்கார்ந்திருந்தார். கேமராவில் தெரியாத பாதிக்கு லுங்கி. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, வீரம்மாளும் பதுருன்னிசாவும் ஜமால் முகமதுவும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். திரையில் லோரெய்னும் அவர் பக்கத்தில் ஃபௌசியாவும் தெரிந்தார்கள்.

"குட் மார்னிங் மேடம். பழனிவேல். ரிட்டயர்டு ஃபோர்மேன், மைன்ஸ்" என்று மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல் ஆரம்பித்தார்.

வாடகை ஒழுங்காக வருமா என்பது முதல் கேள்வி.

"எவ்ரி மந்த், கரெக்ட். கொரோனா டைம் ஒன்லி லேட். தட் டைம் ஐ ஒன்லி டோல்டு, டோன்ட் கிவ்."

கடை மூடிக் கிடந்த அந்த நாட்களை நினைத்து ஜமால் முகமது தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று அடுத்து லோரெய்ன் கேட்டார். "தே கேம், ஓல்டு ஹவுஸ். நவ், நியூ ஹவுஸ்!" பதுருன்னிசாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே கிடையாது.

ஏதாவது பிரச்சினை வந்ததுண்டா என்பது மூன்றாவது கேள்வி. பழனிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒன் பிராப்ளம், மேடம். டிரை ஃபிஷ்." கையை விரித்துப் பறக்கிற மாதிரி காட்டினார். "குரோ. மை நியூ கார்." அதற்கு மேல் இங்கிலீஷ் ஒத்துழைக்கவில்லை. மீதியைத் தமிழில் கொட்டினார். சம்பந்தி நின்ற இடம், கருவாடு விழுந்த இடம், எத்தனை தடவை கழுவியும் போகாத நாற்றம், எதையும் விடவில்லை. ஃபௌசியா சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். லோரெய்ன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவும் இதே வீட்டின் பின்னால் மீனைப் புகை போட்டுப் பக்கத்து வீட்டாரோடு சண்டை வாங்குவாராம்.

பிறகு கடைசியாக ஒன்று கேட்டார். பழனிவேலுக்குப் புரியவில்லை.

"நாங்க காலி பண்ணிட்டு, திரும்ப வந்து கேட்டா மறுபடியும் வூடு குடுப்பீங்களான்னு கேக்கறாங்க மாமா" என்றாள் ஃபௌசியா.

"காலி பண்றாங்களா?" பழனிவேல் விருட்டென்று பதுருன்னிசா பக்கம் திரும்பினார். "வேற வூடு பாத்துகினு இருக்கீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஐயோ, இல்லண்ணே! நான் எங்க போவப் போறேன்? அந்தம்மா சும்மா கேக்கறாங்க!"

"அப்பச் சரி." போன் பக்கம் திரும்பினார். "நோ காலி, மேடம். தே ஆர் பர்மனென்ட்!"

லோரெய்ன் ஃபௌசியாவின் தோளில் கை வைத்தார். சனிக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஃபௌசியா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. போன் ஆடியதில் மில்வாக்கியின் கூரைதான் தெரிந்தது. வீரம்மாள் கேசரி கிண்ட அடுப்படிக்கு ஓடினாள்.

"கருவாட்டு மேல ஒரு வலையப் போட்டு மூடி வைங்க, பாய் வூட்டம்மா" என்றார் பழனிவேல், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி. "அப்படியே எங்களுக்கும் நாலு துண்டு குடுங்க. ரெண்டு மாசமா நாக்கு செத்துப் போச்சு."

நவம்பரில் அஜ்மலும் அஃப்ரீனும் மில்வாக்கி போய்ச் சேர்ந்தார்கள். அன்று அங்கே முதல் பனிப்பொழிவு. அதைப் பார்த்த குழந்தை மரத்தரை அதிரக் குதித்திருக்கிறாள். கீழேயிருந்து லோரெய்ன் படியேறி வந்ததும் ஃபௌசியா பயந்துபோய் மன்னிப்புக் கேட்டாளாம். நாலு வருஷமாகத் தலைக்கு மேல் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது, நன்றாகக் குதிக்கட்டும் என்று சொல்லி, அவர் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பியைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

இதைப் பதுருன்னிசா, இந்திரா நகரை ஒட்டிய வடக்குத்து ஊரில் ஒரு வீட்டின் குழாயைத் திறந்துவிட்டபடி, புதிதாக வந்த என்ஜினியர் தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அமெரிக்காவுலயே வூடு புடிச்சுக் குடுத்தவ நான். உங்களுக்கு வடக்குத்துல புடிச்சுக் குடுக்க மாட்டனா? வாங்க, தண்ணிய வாயில ஊத்திப் பாருங்க. உப்பே இல்ல."