வாசல் பலகையில் இருந்த வரி

அக்கா தைத்த கறுப்புத் திரைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நுவரெலியாவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளின் ஜன்னல்களை அவை பகலிலும் மூடியிருந்தன. இரண்டாயிரத்து ஐந்தில் அத்தான் தொடங்கிய கம்பெனி அங்கேதான் இயங்கியது. அவர் அக்காவின் கணவர்; லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வெளிநாட்டில் இயற்பியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். கடிதங்களும் மொழிபெயர்ப்பும் என் பொறுப்பு. கண்ணாடி இழைக்குள் ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பி, இரண்டு இடங்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசியச் சாவியை உருவாக்குவது அவர் வேலை. நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் ஒளியின் நிலை குலைந்து, களவு தெரிந்துவிடும். துகள்களைப் பிடிக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இயங்கும்போது பகல் வெளிச்சம் பட்டால் அது கெட்டுவிடும். கொழும்பு வங்கி ஒன்றுக்குச் செய்து காட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அது நடந்தால்தான் கம்பெனி பிழைக்கும்.

என் பங்குக்கு வாசலில் மும்மொழிப் பலகை வைத்தேன். 'இங்கிருந்து செல்லும் செய்தியை எவராலும் ஒட்டுக்கேட்க முடியாது' என்று சிங்களத்தில் கொட்டை எழுத்தில் எழுதியதும் நான்தான். அக்கா அத்தானைத்தான் கேட்டாள்: "இதையா வாசல்ல எழுதி வைப்பாங்க? வந்து புடிச்சிட்டுப் போங்கன்னு கூப்புடுற மாதிரி இருக்கு." அவர் சிரித்தார். நான் வங்கிக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எடுத்து மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பொலிஸார் வந்தார்கள். கருவியின் மூடி திறந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்த இரண்டு நிமிடம் தரும்படி அத்தான் கெஞ்சினார். தடயத்தை அழிக்கப் பார்க்கிறார் என்று எண்ணிய அதிகாரி திரையைப் பிடித்து இழுத்தார். வெயில் நேராகக் கருவிக்குள் விழுந்தது.

பொலிஸ் நிலையத்தில், பலகையை எழுதியது யார் என்று கேட்டார்கள். அத்தானுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. ஆனாலும் "நான்தான்" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்னை அன்றே அனுப்பிவிட்டார்கள்; அத்தானைப் பதினொரு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் வங்கியிடமிருந்து இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்திருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "ஒன்னையும் உள்ள வச்சிட்டா வெளியில ஓடித் திரிய ஆளு வேணாமா மச்சான்?" என்றார். ஓடித் திரிந்தது அக்கா. நான் முதல் மூன்று நாட்கள் வீட்டுக் கதவையே திறக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. தேதி தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான்; அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 'பொலிஸார் வந்தனர்' என்று மட்டும் இருக்கிறது.

இப்போது அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அத்தான் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறார். அவர் செய்யப் பார்த்ததை வேறு யாரோ செய்து விற்பதாகப் பத்திரிகையில் வரும்போதெல்லாம் அக்கா தொலைபேசியில் பொருமுவாள்: "சும்மா இருந்திருந்தா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பாரு. போர்டு எழுதப் போனாரு பெரிய மனுசன்."

பின்னால் அத்தான் சிரிப்பது கேட்கும்.

"ஆமாக்கா," என்கிறேன்.