செல்வராணியின் ஊக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜெகதளாவிலிருந்து செல்வராணியின் மகள் பேசினாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்." மதியத்துக்குள் நம் பழப்பண்ணை அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்: 'பொதியறைத் தற்காலிகப் பணியாளர் காலமானார்.' பதினாறு ஆண்டுகள் வேலை செய்தவர் தற்காலிகமாம்.

பொதியறையில் அவருடன் நின்ற உங்களுக்கு அந்த ஆரஞ்சுப் பருவம் மறந்திருக்காது. காற்றுப் புகாவிட்டால் பழம் கெடாது என்று சொல்லி, பறித்த அன்றே தடித்த பிளாஸ்டிக் உறையில் டஜன் டஜனாகப் போட்டு ஒட்டச் சொன்னார் நம் பண்ணை அதிகாரி. ஒரே வாரத்தில் உறைக்குள் நீர் கோத்து, பழமெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்தது. பொதிகட்டும் பெண்களின் கை சுத்தமில்லை என்று பழி போட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் செல்வராணி. வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

"படங்கைக் கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிச்சா உள்ளாற வேர்த்து ஊத்துது. பழத்துக்கு மட்டும் வேர்க்காதுங்களா?"

மழைக்கு இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக்கொண்டு தேயிலை பறிக்க மலையேறியவருக்குத்தான் அது தெரியும். அதிகாரி சிரித்தார்.

செல்வராணி தன் பாட்டுக்கு ஒரு பெட்டிப் பழத்தின் காம்பை ஒட்ட நறுக்கி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டார். ஒவ்வொன்றையும் தனித்தனியே மெல்லிய உறையில் போட்டார். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி உறை முழுக்கக் குத்தினார். "ஒன்னு அழுகினா அது அதோட போகட்டும். பக்கத்துல இருக்கறது என்ன பாவம் செஞ்சது?" என்றார். மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். இரண்டு பழம்தான் கெட்டிருந்தது. அதிகாரி ஒன்றை உரித்துத் தின்றார். செல்வராணியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பழத்தைப் பொதியும் அந்த முறை துறையின் துண்டறிக்கையாக வந்தது. கடைசிப் பக்கத்தில் அதிகாரியின் பெயரும் படமும் இருந்தன. செல்வராணி எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஊக்கால குத்தணும்னு போட்டிருக்கு. ஊக்கு யாருதுன்னு போடலைங்களே சார்?"

துறை வெளியீட்டில் பணியாளர் பெயர் போடும் வழக்கமில்லை என்றேன். அந்தத் துண்டறிக்கையை எழுதியவன் நான். அதிகாரி மீது எனக்குள்ள கோபத்தில் பாதி என்மீதுதான். அதன் பிறகும் செல்வராணி தினமும் எனக்கு வணக்கம் சொன்னார். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இரங்கல் கூட்டத்தில் அதே அதிகாரி, "சொன்னதைச் செய்யும் பணியாளர்" என்று புகழ்ந்தார். நான் எழுந்தேன். "இல்லைங்க. நீங்க சொன்னதைச் செஞ்சப்பத்தான் பழம் அழுகுச்சு. அவங்க சொன்னதை நாமதான் இன்னைக்கும் செஞ்சிட்டிருக்கோம்" என்றேன்.

மகள் அந்த ஊக்கை என்னிடம் கொடுத்தாள். முனை மழுங்கியிருக்கிறது. மிச்சமிருந்த துண்டறிக்கைக் கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொன்றிலும், அதிகாரியின் படத்துக்கு மேலே, பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்: 'ஊக்கு செல்வராணியுடையது.'