வெள்ளையாக இறங்கிய வண்டல்

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்தே பட்டம் வாங்கியவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, நொய்யல் ஓரத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிப்பதுதான் என் வேலை. அந்த நாட்களில் திருப்பூருக்குக் கிழக்கே இருந்த மாமா வீட்டில் தங்குவேன். மாமா என் அம்மாவின் தம்பி. பனியன் துணியை வெளுக்கும் சலவைப்பட்டறையில் மாஸ்டர். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அங்கே நிற்பவர்களின் வேட்டி எத்தனை வெளுப்பு என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

அத்தைக்கு உயிரே தோட்டத்துக் கிணற்றில் இருந்த கெண்டை மீன்கள்தான். ஒன்றைக்கூட யாரையும் பிடிக்க விட்டதில்லை. அந்த வருஷம் அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதக்க ஆரம்பித்தன. மிச்சமிருந்த பதினோரு மீன்களை, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய மாட்டுத்தொட்டிக்கு மாற்றியிருந்தார். வெயிலில் தொட்டி கொதித்தது.

"கெணத்துத் தண்ணி தேறுமான்னு பாத்துச் சொல்லு கண்ணு. அதுகள மறுக்கா உட்டரலாமா?" நான் போய்ப் பையை இறக்குவதற்குள் இதைத்தான் கேட்டார்.

மறுநாள் காலை ஒரு புட்டியில் கிணற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் தொட்டித் தண்ணீரும் பிடித்தேன். இரண்டிலும் சோதனை மருந்துகளை விட்டு, மூடிக் குலுக்கினேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். புட்டிகளில் சீட்டு ஒட்டி, மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்துவிட்டு, "யாரும் தொட்டுப்போடாதீங்க" என்று சொல்லி அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பினேன். வண்டல் இறங்கும் வரை நின்று பார்த்திருக்கலாம். அவசரக்குடுக்கை நான்.

மதியம் திரும்பியபோது மாமா கிணற்றுத் தண்ணீர்ப் புட்டியோடு வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்ணு, நம்ம கெணறு பாஸாயிருச்சு! அடியில பாரு, மில்க் ஒயிட்டு. எங்க பட்டறையிலயே இப்படி வராது. தொட்டித் தண்ணிதான் பழுப்படிச்சுக் கெடக்குது. அதான் உங்க அத்தைகிட்டச் சொல்லி மீனயெல்லாம் கெணத்துல உட்டாச்சு."

"ஐயோ மாமா, கெடுத்தீங்களே! வெள்ளைன்னா அதுல மூச்சுக்கே காத்து இல்லீங்க!"

 அவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கி ஓடினார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாமா கழுத்தளவு தண்ணீரில் நின்று, பனியன் துணியை இரண்டு கையிலும் விரித்து ஒவ்வொன்றாக அள்ளினார். அத்தை மேலிருந்து வாளியை இறக்கி இறக்கித் தூக்கினார். ஏழு பிழைத்தன. நாலு போய்விட்டன.

கரையேறிய மாமாவுக்கு உடம்பெல்லாம் சிவந்து அரித்தது. அத்தை தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, "துணியப் பாக்கற கண்ணுலயே தண்ணியயும் பாத்துப்போட்டீங்களாக்கும்" என்றார். கோபத்தில் ஆரம்பித்தவர் முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த மனுஷனை அன்றைக்குப் போல என்றைக்கும் எனக்குப் பிடித்ததில்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

அத்தை காபி போட உள்ளே போனார். மாமா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏங் கண்ணு, நாங்க துணி அலசி ஓடையில உடற தண்ணி இந்தக் கெணத்துக்கு வருமா?"

வரும் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் அந்த ஓடையைச் சோதித்திருந்தேன்.

"இன்னும் பாக்கோணுங்க மாமா" என்றேன்.

"பாரு. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லு. அத்தைகிட்ட மட்டும் சொல்லிப்போடாத, சாமி."