சாமி இல்லாத மலையில் தங்கவேலு சார்

சைக்கிளை விட்டு இறங்காமல், ஒற்றைக் காலை வாசற்படியில் ஊன்றியபடி பழைய மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், நம்ம தங்கவேலு சார் காலைல போயிட்டாக." சொல்லிவிட்டு அழுதான். "பள்ளிக்கூடம்னாலே எங்களுக்கு அவுகதான் சார்."

அவனுக்கு நானும் நான்கு வருடம் பூகோளம் நடத்தியிருக்கிறேன். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வராது.

ஓர் உதாரணம் சொன்னால் புரியும். ஒன்பதாம் வகுப்பில் அவருடைய கணக்குப் பாடத்துக்கு அடுத்தது என் பாடம். கரும்பலகையை அழிக்கக் கையைத் தூக்கினால், "சார், அழிச்சிராதீங்க!" என்று வகுப்பே கத்தும். ஓரத்தில் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் வைகையை வரைவேன். நான் வரைந்ததை அழிக்க வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு காலாண்டு விடுமுறைக்கு ஆசிரியர்கள் ஐந்து பேர் சோழவந்தானில் அவருடைய மாமனார் வீட்டில் தங்கினோம். மறுநாள் வடக்கே இருந்த புல்மலைக்குப் போனோம். கோயிலும் இல்லை, படிக்கட்டும் இல்லை. புல்லும் காற்றும்தான். அடிவாரத்தில் ஆடு மேய்த்த பெண், "மேல என்ன சாமிய்யா இருக்கு?" என்றார்.

"சாமி எதுவும் இல்லம்மா" என்றேன்.

"அப்புறம் எதுக்கு இம்புட்டு வெயில்ல ஏறுறீக?"

தங்கவேலு சார் என்னைக் காட்டினார். "இவரு மலையெல்லாம் புத்தகத்துலயே ஏறி முடிச்சுட்டாரு தாயி. நெசத்துல எப்படி இருக்குன்னு பாக்க வந்திருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த மலையிலாவது இவரை முந்திவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வேகமாக ஏறினேன். பாதி தூரம் போன பிறகுதான் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது. மலை என்றால் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றியே பழகிய கால். சாமி இல்லை என்று வாய் சொன்னதை அது கேட்கவில்லை. இறங்கிப் போய் எடுக்க ரோஷம் விடவில்லை. உச்சிக்கு இருபதடி இருக்கும்போது, பாதமெல்லாம் முள் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற மூவரும் கீழே பாறை நிழலில் சாய்ந்துவிட்டார்கள். தங்கவேலு சார் மட்டும் வந்தார். எங்கே போனாலும் எல்லோருக்கும் பின்னால்தான் நடப்பார். "முன்னால போற வாத்தியாருக்கு யாரு தெரிவா? கடைசில வர்றவனுக்குத்தான் எல்லாரும் தெரிவாங்க" என்பார். தோள்பையிலிருந்து என் செருப்புகளை எடுத்துப் போட்டார்.

"பூகோளம், இதுக ரெண்டும் கீழயே சாமி கும்பிட்டு முடிச்சிருச்சுக. மாட்டிக்கங்க."

பிறகு, "நீங்க போங்க, நான் மூச்சு வாங்கிட்டு வாரேன்" என்று புல்லில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.

போனேன். கீழே வெற்றிலைக் கொடிக்கால்களும், நான் கரும்பலகை ஓரத்தில் வரைந்த அதே வைகையும் தெரிந்தன. எதையும் ரசிக்க முடியவில்லை. அவர் விட்டுக்கொடுத்தது முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

"முதல்ல ஏறுனது நம்ம பூகோளம்தான்" என்று ஆசிரியர் அறையில் பல வருடம் சொன்னார். செருப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அவருடைய கடைசிப் பயணத்தில் தெரு நிறைய மாணவர்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் மனம் கேட்டது. அன்றுதான் அவர் எல்லோருக்கும் முன்னால் போனார். நான் கடைசியில் நடந்தேன். யார் நொண்டுகிறார்கள், யார் யாரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று எல்லாம் அங்கிருந்து தெரிந்தது. அவரிடமிருந்து அந்த இடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இத்தனை வருடம் இதை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டு நடந்தாரே என்று, அங்கே நடக்கும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.